யார் எந்த அணிக்கு ஆடலாம்?

(ஹேடோவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் மொழியைப் பற்றிப் பேசுவார்கள். இலக்கியத்தைப் பற்றிப் பேசுவார்கள். நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ விளையாட்டு. அதுவும் மைதானத்தில் ஓடி ஆடும் விளையாட்டு அன்று. மேசைமேல் அட்டையும் பகடையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. "இதைப் பற்றி அரைமணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று நம் செயலாளரே வினவினார். சென்ற மழைக்காலத்தில் இந்த அட்டை விளையாட்டினால் இரண்டு வீடுகளுக்கிடையே மூன்று வாரம் பேச்சு நின்றுபோனதை அவர் மறந்துவிட்டார் போலும்! அந்த மனத்தாங்கலுக்குக் காரணமான கேள்விதான் இன்றைய பேச்சின் தலைப்பு.

ஆட்டத்தின் முறையை அறியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறோம். இத்தீவில் மே மாதத்தில் பிடிக்கும் மழை நவம்பர் வரையில் முற்றும் விடுவதில்லை. மைதானம் சேறாகிவிடும். அம்மாதங்களில், ஞாயிறு மாலைதோறும், குடியிருப்பைச் சேர்ந்த சிலர் சங்கத்தின் நூல்நிலைய அறையில் கூடி, ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் போட்டியில் முன்னாளில் ஆடிய அணிகளை மீண்டும் ஆடவைக்கிறோம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அட்டையில் 36 கட்டங்கள். சிவப்புப் பகடை ஒன்றையும் வெள்ளைப் பகடை ஒன்றையும் சேர்த்து உருட்டினால் 36 விதமாக விழலாம் அல்லவா? அந்த ஆட்டக்காரர் மெய்யாகவே எடுத்த ஓட்டங்கள், ஆட்டமிழந்த தடவைகள் ஆகியவற்றின் விகிதத்தை ஒட்டி அக்கட்டங்களில் 'நான்கு', 'ஒன்று', 'ஓட்டமில்லை', 'விக்கெட்' என்று எழுதியிருப்போம். தேர்ந்த மட்டையாளரின் அட்டையில் 'விக்கெட்' என்ற கட்டம் ஒன்றுதான் இருக்கும். பந்து வீச்சுக்கென்றே அணியில் இடம்பெற்றவரின் அட்டையில் ஆறேழு இருக்கும். பழைய ஆட்டங்களின் கணக்கெல்லாம் இக்காலத்தில் கைப்பேசியிலேயே கிடைப்பதால், அட்டை எழுதுவது கடினமன்று. பேரேடு எழுதிப் பழகிய கைக்கு அது பொழுதுபோக்கு.

இது நம் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தை இவ்வாறு அட்டையிலும் பகடையிலும் ஆடுகிறார்கள். 1951இல் 'ஆப்பா' என்ற ஆட்டமும், 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் அமைத்த 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற ஆட்டமும் அங்கே விற்பனைக்கு வந்தன. ஐம்பது ஆண்டுக்கு முந்திய அணிகளைக்கூட அட்டையில் எழுப்பி, ஊருக்கு ஒருவராகச் சேர்ந்து, பருவம் முழுவதும் போட்டி நடத்துகிறார்கள். அவர்களுக்குள் எழும் வழக்குகளில் பெரும்பாலானவை பகடையைப் பற்றியவை அல்ல. 'இந்த ஆட்டக்காரரை நீ எப்படிச் சேர்த்தாய்?' என்பதைப் பற்றியவை. ஆகவே விதிகள் செய்துகொண்டார்கள். ஓர் ஆண்டில் 100 தடவை மட்டுமே மட்டை பிடித்தவரை அட்டை ஆட்டத்தில் 600 தடவை பிடிக்கவைக்கலாகாது. மெய்யான மைதானத்தில் ஒருவர் காத்தறியாத இடத்தில் அவரை நிறுத்தலாகாது. இப்படி இன்னும் பல.

நமக்கும் அந்தத் தொல்லை முதல் ஞாயிறன்றே வந்து சேர்ந்தது. மதராஸ், பம்பாய், ஹோல்கர், மைசூர், ஹைதராபாத், வங்காளம், ஆந்திரம், இரயில்வே என்று எட்டு அணிகள். ஆளுக்கு ஓர் அணியை நடத்துகிறார்கள். இரயில்வே அணி நம் பொறுப்பு. தண்டவாளமே இல்லாத தீவில் இரயில் பயணத்துக்குச் சீட்டுப் பதிவு செய்து கொடுக்கும் எழுத்தருக்கு அதைவிடப் பொருத்தமான அணி வேறென்ன? அணிகளைப் பங்கிட்ட கால்மணி நேரத்துக்குள் சி. கே. நாயுடுவின் அட்டையை மூவர் பற்றிக்கொண்டனர்.

அவர்கள் மூவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாயுடு பிறந்தது நாகபுரியில். பெரும்புகழோடு ஆடியது இந்தூர் மன்னரின் ஹோல்கர் அணிக்கு. 1953-54இல் ஆந்திர அணி முதன்முதலாக ரஞ்சிப் போட்டியில் இறங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அறுபது வயதைக் கடந்தபின் 1956-57இல் உத்தரப் பிரதேசத்துக்காகவும் ஆடினார். ஹோல்கர் அணியை நடத்தும் நண்பர், "எங்கள் நாயுடு" என்றார். ஆந்திர அணியை நடத்தும் அடுத்த தெருத் தெலுங்கு நண்பர், "பெயரைப் பாருங்கள் ஐயா, பெயரை!" என்றார். மூன்றாமவர் நாகபுரிக்காரர்; அவருக்கு நடத்த நாகபுரி அணியே இல்லை. ஆயினும் உரிமையை விட அவருக்கு மனமில்லை.

ஒரு மனிதர் எந்த ஊருக்கு உரியவர்? பிறந்த ஊருக்கா, பிழைக்கும் ஊருக்கா, பேசும் மொழிக்கா, சம்பளம் கொடுக்கும் இலாகாவுக்கா? கிரிக்கெட்டில் இக்கேள்வி மிகப் பழையது. 1873இல் இங்கிலாந்தின் கவுண்டி அணிகள் கூடி ஒரு முடிவுக்கு வந்தன. பிறந்த கவுண்டிக்கு ஆடலாம். அல்லது இரண்டு ஆண்டு குடியிருந்த கவுண்டிக்கு ஆடலாம். ஒரே பருவத்தில் இரண்டுக்கும் ஆடலாகாது. எந்தக் கவுண்டி என்பதைப் பருவம் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். பிறப்புக்கு நிகராக வசிப்பையும் வைத்தார்களே, அதைக் கவனியுங்கள்.

அவ்விதியின் வழியில் வந்தவர்தான் நம் கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங். காத்தியவாரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1895 முதல் சஸ்ஸெக்ஸ் கவுண்டிக்கு ஆடினார். 1896இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தபோது, எந்த மைதானத்தில் ஆட்டமோ அந்த மைதானத்தார்தாம் இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். லார்ட்ஸ் மைதானத்தார் அவரைச் சேர்க்கவில்லை. மான்செஸ்டர் மைதானத்தார் சேர்த்தனர். அங்கே அவர் 62 ஓட்டங்களும், பின்னர் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்களும் எடுத்தார். இங்கிலாந்துக்காகவே ஆடி, 1933இல் காலமான ஒருவரின் பெயரால், அடுத்த ஆண்டு நம் நாட்டு மாகாணங்களுக்கிடையே கோப்பை ஏற்பட்டது. அந்தப் பெயரை வைத்தவர்கள், 'அவர் எந்த நாட்டுக்கு ஆடினார்?' என்று கணக்குப் பார்க்கவில்லை.

நாயுடு வழக்குக்கு வருவோம். எந்த அணிக்காக மெய்யாக ஆடினாரோ அந்த அணிக்கே அவருடைய அட்டை. பல அணிகளுக்கு ஆடியிருந்தால் அணிக்கு ஓர் அட்டை. ஆயினும் ஒரு பருவத்தில் ஓர் அட்டை மட்டுமே மேசைமேல் வரலாம். இவ்வாறு தீர்த்துவைத்தோம். ஹோல்கர் நண்பருக்கு இளமை நாயுடு கிடைத்தார். ஆந்திர நண்பருக்கு ஐம்பத்தெட்டு வயது நாயுடு கிடைத்தார். "முதியவர் என்றாலும் நாயுடு நாயுடுதான்" என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். நாகபுரிக்காரருக்குத் தேநீர் கிடைத்தது.

அடுத்து வந்தது அளவு பற்றிய சிக்கல். டெனிஸ் காம்ப்டன் என்ற ஆங்கில ஆட்டக்காரரைப் பெரியவர்கள் அறிவார்கள். உலகப் போரின்போது படைவீரராக மத்திய இந்தியாவில் இருந்தவர், ஹோல்கர் அணிக்கும் ஆடினார். 1944-45 இறுதியாட்டத்தில் பம்பாய்க்கு எதிராக ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் எடுத்தார். ஆனாலும் ஹோல்கர் தோற்றது. அவர் ஹோல்கருக்கு ஆடிய ஆட்டங்கள் மிகச் சில. அச்சில ஆட்டங்களைக் கொண்டு அட்டை எழுதினால், அதில் 'விக்கெட்' என்ற கட்டத்தைத் தேடவேண்டியிருக்கும்! அமெரிக்கரின் விதி இங்கே கைகொடுத்தது. மெய்யாக எத்தனை ஆட்டமோ, அட்டையிலும் அத்தனையே. இவ்விதியே 1962-63இல் வந்த மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் நால்வருக்கும் பொருந்தும். கில்கிரிஸ்ட் ஹைதராபாதுக்கும், ஸ்டேயர்ஸ் பம்பாய்க்கும், வாட்சன் டில்லிக்கும், கிங் வங்காளத்துக்கும் அப்பருவத்தில் பந்து வீசினர். ஹைதராபாத் நண்பர் கில்கிரிஸ்டின் அட்டையைப் பூட்டிவைத்து, பம்பாயுடன் மோதும் நாளில் மட்டும் எடுத்துவருகிறார்.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே தீர்த்த வழக்குகள். பேச்சு நின்றுபோனதாகச் சொன்னோமே, அவ்வழக்கு வேறு.

மதராஸ் அணியை நடத்துபவர் நம் அண்ணாச்சி ஒருவர். பெயர் சொல்லவேண்டியதில்லை, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். துறைமுகப் பணியில் முப்பது ஆண்டு உழைத்தவர். இச்சங்கத்தின் தமிழ் வகுப்புக்குப் பலகை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அவர் ஒரு நாள் எழுந்து, "மதராஸ் அணி என்பது நம் தமிழரின் அணி. ஆகவே தாய்மொழி தமிழாக உள்ளவர்களை மட்டுமே அதில் சேர்க்கவேண்டும். மற்றவர்களுக்கு ஏழு அணிகள் இருக்கின்றனவே!" என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய உள்ளத்தில் இருந்தது வெறுப்பு அன்று. தம் பேரப்பிள்ளைகள் பள்ளியிலும் கடைத்தெருவிலும் இந்தியே பேசுவதைக் கண்டு கலங்கும் ஒருவர், மேசைமேலாவது பதினொரு தமிழர் ஒன்றாக நிற்கக் காண விரும்பினார். இவ்விருப்பத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆயினும் தீர்மானத்தை எதிர்த்தோம். எதிர்த்ததற்குக் காரணங்களை அன்று அவர் முழுவதும் கேட்கவில்லை, இன்று கேட்கவேண்டுகிறோம்.

ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் மதராசுக்கும் மைசூருக்கும் நடைபெற்றது. அன்று முதற்பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த தமிழர், கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். அன்று மாலைக்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. மைசூர் இரண்டு தடவையும் சுருண்டது. சுருட்டியவர் யார்? ஏ. ஜி. ராம்சிங். 35 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தலைப்பாகை கட்டிய சீக்கியர். அவர் பெயரின் முன்னெழுத்து 'ஏ' என்பது அமிர்தசரசைக் குறிக்கும். ஆனால் அவர் பிறந்தது சென்னையில். வேலை தேடித் தென்கோடிக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை.

அவர் மகன் கிருபால்சிங். 1954-55இல் மதராஸ் அணி முதன்முதலாகக் கோப்பையை வென்றது; பாலு அழகணன் தலைமையில், இந்தூருக்கே சென்று ஹோல்கரை இறுதியாட்டத்தில் வீழ்த்தியது. அந்த வெற்றியில் கிருபால்சிங்குக்குப் பெரும்பங்கு உண்டு. மறு ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே சதம் அடித்தார். தம்பி மில்காசிங்கும் இந்தியாவுக்கு ஆடினார். கிருபாலின் மகன் அர்ஜன் 1988-89 பருவத்தில் கோவாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 302 ஓட்டங்கள் எடுத்தார். அதே ஆட்டத்தில் டபிள்யூ. வி. ராமன் 313 எடுத்தார். மூன்று தலைமுறையாக ஒரே ஊரின் அணிக்கு உழைத்த குடும்பத்தை அண்ணாச்சியின் விதி வாசலில் நிறுத்திவிடும்.

கோப்பை இரண்டாம் முறை நமக்கு வந்தது 1987-88இல். அதற்குள் அணியின் பெயர் தமிழ்நாடு என்று மாறியிருந்தது. இறுதியாட்டத்தில் தோற்றது எங்கள் இரயில்வே அணி என்பதை நாம் மறைக்கவில்லை. அந்தத் தமிழ்நாட்டு அணியில் சிறந்து விளங்கியவர்களுள் ஒருவர் ராபின்சிங். டிரினிடாட் தீவில் பிறந்தவர்! நூறாண்டுக்கு முன் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய இந்தியர்களின் வழிவந்தவர்; படிக்கவென்று சென்னைக்கு வந்து, அங்கேயே ஆடத் தொடங்கினார். தாய்மொழி விதிப்படி அவருக்கு இடமில்லை. பிறப்பு விதிப்படியும் இல்லை. ஆக, இன்றுவரையில் நம் அலமாரியில் உள்ள இரண்டு கோப்பைகளில் முதற்கோப்பை கிருபால் இன்றியும், இரண்டாம் கோப்பை ராபின் இன்றியும் நிற்கவேண்டியிருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தமிழர் அனைவருக்கும் இடம் என்றால், இலங்கையின் சதாசிவத்தை எப்படி விலக்குவது? கண்ணைக் கவரும் ஆட்டத்துக்குப் பேர்போனவர். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கியவர். கடல் கடந்த தமிழருக்கு அவரைப் போல் எடுத்துக்காட்டு வேறு யார்? ஆனால் சேப்பாக்கத்தில் அவர் எடுத்த புகழ்பெற்ற 215 ஓட்டங்கள், 1947இல், தென்னிந்திய அணிக்கு எதிராக எடுத்தவை! நம்மை அடித்தவரை நம் அணியில் சேர்த்துக்கொண்டு, நமக்காக உழைத்தவரை வெளியே நிறுத்துவதா?

இதைக் கேட்டபின் ஒரு தம்பி குறுக்கிட்டு, "அப்படியானால் நாம் யார்?" என்றான். அவன் தந்தை இராமநாதபுரத்துக்காரர்; தாய் இங்கேயே பிறந்தவர்; அவனும் இங்கேயே பிறந்தான். சென்னைக்குப் போய்வந்தால் அங்கே அவனை 'அந்தமான் பையன்' என்கிறார்கள். இங்கே 'மெட்ராசி' என்கிறார்கள். மொழியால் அணி பிரித்தால் இத்தீவின் அணியில் அவனுக்கு எந்த இடம்? வங்காளிகள் ஓர் அணி, தெலுங்கர் ஓர் அணி, ராஞ்சிக்காரர் ஓர் அணி என்று பிரிந்தபின், ஹேடோ என்று ஓர் அணி நிற்குமா? நாம் வந்த ஊரில் நமக்கு இடம் வேண்டுமென்று கேட்பவர்கள், நம் ஊருக்கு வந்தவருக்கு இடமில்லை என்று எந்த வாயால் சொல்வது? அண்ணாச்சி பதில் கூறவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அதன்பின்தான் மூன்று வாரம்.

தீர்மானம் வாக்குக்கு வந்து தோற்றது. ஐவர் எதிர்த்தனர், இருவர் ஆதரித்தனர். நான்காம் வாரம் அண்ணாச்சியே வந்து ராம்சிங்கின் அட்டையை எடுத்து முதல் ஓவர் வீசவைத்தார். ராம்சிங் அன்று ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை என்பது பகடையின் குறும்பு.

விதி எதுவாயினும் ஆட்டத்துக்கு முன்பே சொல்லப்படவேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் வேற்றுமை இல்லை. எங்கள் இலாகாவில் ஒரு நடைமுறை உண்டு. உறுதியான சீட்டைத் தாய், தந்தை, உடன்பிறந்தார், கணவன், மனைவி, பிள்ளைகள் இவர்களுள் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்கவேண்டும். வண்டி நகர்ந்தபின், 'இவர் என் அண்ணன்தான்' என்று பரிசோதகரிடம் சொல்வதில் பயனில்லை. 2018இல் புதுச்சேரி ரஞ்சிப் போட்டிகளில் சேர்க்கப்பட்டபோது என்ன நேர்ந்தது? வெளியூர் ஆட்டக்காரர் சிலருடைய தகுதியைப் பற்றிப் பெரும் வழக்காடல் எழுந்து, பருவம் தொடங்கியபின் அவர்களுடைய பதிவு இரத்தாயிற்று. ஊரை விட்டு வந்து, பழைய அணியையும் இழந்து, புதிய அணியிலும் இடமின்றி நின்ற அந்த இளைஞர்களின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

இனி, விதியினாலேயே வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி. ரஞ்சிக்கு முன் பம்பாயில் நடந்த பெரும்போட்டியில் அணிகள் ஊரால் அல்ல, மதத்தால் பிரிந்திருந்தன. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள். 1937 முதல் 'எஞ்சியோர்' என்று ஐந்தாவது அணி. விஜய் ஹசாரே கிறித்தவர். ஆகவே எஞ்சியோரில் ஒருவர்! இந்துக்களுக்கு எதிராக 1943-44இல் அணி எடுத்த 387 ஓட்டங்களில் 309 ஓட்டங்களை அவர் ஒருவரே எடுத்தார். அப்போட்டி 1946உடன் முடிவுற்றது நல்லதாயிற்று. அதற்கும் முன், பல்வங்கர் பாலூ என்ற பந்து வீச்சாளர் இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்தவர். பூனாவில் மைதானத்தைப் பெருக்கி, உருளை இழுத்த கையால், 1911இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்து அணியில் பந்து வீச அவர் வேண்டும். தேநீர் வேளையில் மட்டும் அவருக்குத் தனியே, வெளியே, மண் குவளையில். அணித் தலைமை அவருக்குக் கடைசிவரையில் தரப்படவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

அமெரிக்காவிலும் இதே கதை. கறுப்பின ஆட்டக்காரருக்குப் பெரிய போட்டிகளின் கதவு பல பத்தாண்டுகள் அடைத்திருந்தது. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் இறங்கியபோதுதான் திறந்தது. ஜாஷ் கிப்சன் என்ற மாபெரும் மட்டையாளர் அதற்கு மூன்று திங்கள் முன்பு இறந்துபோனார். அவர்கள் தங்களுக்குள் நடத்திய போட்டிகளின் கணக்கைப் பெரிய போட்டிகளின் பேரேட்டில் 2024இல் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே மட்டையாளர் சராசரிப் பட்டியலில் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். ஆனால் அட்டை விளையாட்டுக்காரர்கள் பேரேட்டுக்காகக் காத்திருக்கவில்லை. 2009இலேயே அவர்களுக்கு அட்டைகள் வந்துவிட்டன.

அதைப் படித்தபின் நாங்களும் ஒரு விதி சேர்த்தோம். ரஞ்சிக்கு முன்பே ஆடி முடித்தவர்களில் அணிக்கு இருவர் வரை சேர்க்கலாம். பம்பாய் நண்பர் பாலூவைச் சேர்த்தார். சேர்த்ததோடு அணித் தலைவராகவும் ஆக்கினார். நாணயம் சுண்டும்போது, "பாலூ கேட்கிறார்: தலையா, பூவா?" என்று அவர் சொல்லும் மகிழ்ச்சியைக் காண்பதற்கே ஞாயிறுதோறும் வரலாம்.

இப்பொழுது தீராத வழக்கு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி, அண்ணாச்சியின் பேத்திதான், ஒரு நாள் வந்து, "மாமா, மித்தாலி ராஜ் எந்த அணியில் வருவார்?" என்று வினவினாள். பெண்களின் ஆட்டம் வேறு, ஆண்களின் ஆட்டம் வேறு. ஒரே மேசையில் எப்படிச் சேர்ப்பது என்று சிலர் தயங்கினர். அவள் விடவில்லை. "1934இல் ராம்சிங் யாருக்கு எதிராக ஆடினாரோ, அவர்களோடு ஒப்பிட்டுத்தானே அவருடைய அட்டையை எழுதினீர்கள்? 1987இல் ஆடியவர்களோடு அவர் மோதியதுண்டா? அவரவர் காலத்து ஆட்டத்தைக் கொண்டு அட்டை எழுதலாமென்றால், அவரவர் ஆடிய போட்டியைக் கொண்டும் எழுதலாமே!" என்றாள். இதற்கு மறுமொழி எவரிடமும் இல்லை. பெண்களுக்கும் அட்டை உண்டு என்று தீர்ந்தது. சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்கு ஆடிய சாந்தா ரங்கசாமியை மைசூர் நண்பர் மறு வாரமே சேர்த்துக்கொண்டார்.

ஆனால் மித்தாலி? தமிழ்க் குடும்பம், தந்தை விமானப்படையில் இருந்தவர், பிறந்தது ஜோத்பூரில், வளர்ந்து பயின்றது ஹைதராபாதில், உள்நாட்டுப் போட்டிகளில் நெடுங்காலம் ஆடியது இரயில்வேக்காக. 2002இல் இங்கிலாந்துக்கு எதிராக 214 ஓட்டங்கள் எடுத்தவர். ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெண், அங்கங்கே இருந்ததையெல்லாம் தனதாக்கிக்கொண்டு உயர்ந்தாள் என்பதால்தான் நம் பெண்ணுக்கு அவர்மேல் அத்தனை ஈடுபாடு. அவரைத் தாத்தாவின் மதராஸ் அணியில் காண விரும்பினாள். எங்கள் விதியோ, ஆடிய அணிக்கே அட்டை என்கிறது. ராம்சிங்கை நமக்குத் தந்த விதியே மித்தாலியை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. "பார்த்தாயா அம்மா, அன்று தாத்தா சொன்னது!" என்று அண்ணாச்சி மெல்லச் சொன்னார். அவர் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. விதியினால் ஆதாயம் இரயில்வே அணிக்கு, அதாவது நமக்கு, என்பதால் நாம் அதில் வாக்களிக்கவில்லை. மித்தாலியின் அட்டை இன்றும் எழுதி முடித்த நிலையில், எந்த அணியின் பெட்டியிலும் வைக்கப்படாமல் நூல்நிலைய அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பெண்ணே இன்னொன்றையும் கேட்டாள்: "அந்தமானுக்கு ஏன் அணி இல்லை?" ரஞ்சிப் போட்டியில் இத்தீவுகளுக்குத் தனி அணி இல்லை. 2018இல் ஒன்பது புதிய அணிகள் சேர்ந்தபோதும் நாம் சேரவில்லை. மெய்யான போட்டியில் இல்லாத அணிக்கு அட்டை எங்கிருந்து வரும்? ஆனால் நேதாஜி விளையாட்டரங்கிலும், நம் குடியிருப்பு மைதானங்களிலும், இலாகாக்களுக்கு இடையேயும் எத்தனையோ ஆண்டுகளாக ஆட்டங்கள் நடந்து வருகின்றன. அவற்றின் கணக்குப் புத்தகங்கள் பல வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைக் கொண்டு அட்டை எழுதி, ஒன்பதாவது அணியாக அந்தமான் அணியை அடுத்த மழைக்காலத்தில் இறக்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

அவ்வணிக்கு யார் தகுதியுடையவர் என்பதையும் வகுத்தாயிற்று. பிறப்பு வேண்டா, மொழி வேண்டா, அட்டை வேண்டா. இங்கே ஒரு முழு மழைக்காலம் தங்கி, இங்குள்ள மைதானம் ஒன்றில் ஓர் ஆட்டமாவது ஆடியிருந்தால் போதும். மாற்றலாகிப் போய்விட்ட அதிகாரிக்கும் இடம் உண்டு; சாத்தம் மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கும் உண்டு; கப்பல் தாமதத்தால் நான்கு நாள் தங்கி ஓர் ஆட்டம் ஆடிய மாலுமிக்கு மட்டும் இல்லை. இந்த மாலுமி விஷயத்தில் இன்னும் இருவர் முணுமுணுக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய கணக்குப் புத்தகங்களைக் கரையானுக்கும் ஈரத்துக்கும் விடாமல், பழைய காகிதக்காரரிடமும் போட்டுவிடாமல், ஏப்ரல் மாத முடிவுக்குள் நூல்நிலைய அறையில் கொடுத்து உதவுங்கள். அட்டையோ பக்கமோ கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஆட்டக்காரரின் பெயர் தெளிவில்லையெனில், யாருடைய தந்தை, யாருடைய மாமா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். எழுதியபின் புத்தகங்களைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம், ரசீதும் உண்டு.